எண்பது வாட் தின்ற டின்

என் பையில் ஒரு பழைய பெயின்ட் டின் இருக்கிறது. உள்ளே கறுத்துப்போன ரெசிஸ்டர்கள், மூடியில் கேபிள் மாட்ட இரண்டு முனைகள். அவை மூழ்கிக் கிடந்த எண்ணெயை எப்போதோ வடித்துவிட்டேன். எத்தனையோ அறைகள் மாறியும் டின்னை மட்டும் விடவில்லை.

ராயபுரத்தில் விசைப்படகுகளின் ஒயர்லெஸ் பழுது பார்த்த, நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருத்தியுடையது அது. எட்டாவதோடு படிப்பை விட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, மணலியில் வெல்டருக்குக் கையாளாக நின்று, அங்கேயும் தரிக்காமல் அக்காவுக்கு ஆன்டெனா கட்ட கம்பம் ஏறிக்கொண்டிருந்தேன். அக்கா லைசென்ஸ் வாங்கிய அமெச்சூர் ரேடியோக்காரி. அவள் செட் நூறு வாட் தரும். அதைப் பெருக்கி அனுப்பும் லீனியருக்கு இருபது போதும், அதற்கு மேல் தாங்காது. மிச்ச எண்பதை நடுவில் இருந்த இந்த டின் வெப்பமாக மாற்றித் தீர்த்துவிடும்.

எனக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. செட்டிலேயே இருபதுக்குத் திருகிவைத்தால் என்ன என்று கேட்டேன்.

"மீட்டரு இருபதுதான் காட்டும் நைனா. ஆனா வாயத் தொறந்தவுடனே மொத சொல்லுக்கு நூறையும் துப்பிட்டு, அப்பாலதான் அடங்கும். அத்த வாங்கிக்கத்தான் டின்னு கீது," என்றாள். நான் நம்பவில்லை.

அந்த வருஷப் பெருமழையில் மணலி பக்கத்துச் சடையங்குப்பம் மூழ்கியது. பள்ளிக்கூட மாடியில் தப்பி நின்றவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து ராயபுரம் வந்தேன். முதல் பெயர் என் தங்கையுடையது. பெங்களூரில் லாரி ஓட்டும் அவள் புருஷனுக்கு அவள் உயிரோடு இருப்பது தெரியாது. போன் எதுவும் வேலை செய்யவில்லை. பெங்களூர் அமெச்சூர்க்காரர் ஒருவர் செய்தி வாங்கக் காத்திருந்தார்.

கரண்டும் இல்லை. ஒரே ஒரு படகு பேட்டரிதான். அக்கா மாடிக்குப் போய் ஆன்டெனாவைச் சரி செய்துகொண்டிருந்தபோது, பேட்டரி மிஞ்சட்டும் என்று டின்னைக் கழற்றி, கேபிளை நேராக லீனியரில் மாட்டினேன். செட்டை இருபதுக்குத் திருகினேன். மீட்டரும் இருபதுதான் காட்டியது.

அக்கா வந்து மைக்கை அழுத்தி ஒரு சொல் சொன்னாள். லீனியருக்குள் ஏதோ வெடித்துக் கருகிய வாடை வந்தது. அவள் தரையில் கிடந்த டின்னைப் பார்த்தாள்.

"கழட்டினியா?"

அவ்வளவுதான் கேட்டாள். லீனியரை ஒதுக்கிவிட்டு, செட்டை நேராக ஆன்டெனாவில் மாட்டி, நூறுக்கு ஏற்றினாள். இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக, மூன்று முறை, குரலை உயர்த்தாமல் சொன்னாள். பேட்டரி சாகும் முன் பெங்களூர்க்காரர் பட்டியலைத் திருப்பிப் படித்தார். தங்கையின் பெயரைக் கேட்டபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

லீனியர் அதன்பின் பிழைக்கவில்லை. "இத்துக்கு இனிமே இங்க வேலை இல்ல, நீயே எட்துக்கினு போ," என்று டின்னை என்னிடம் கொடுத்தாள். கோபமாகக் கொடுத்தாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் விட்ட வேலைகளையெல்லாம், கோபத்தில் நான் துப்பிய முதல் சொல்லில்தான் விட்டேன். இப்போது எண்ணூரில் நிலக்கரி யார்டில் இருக்கிறேன். நேற்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னை "டேய்" என்று கூப்பிட்டான். தொண்டைவரை வந்ததை அங்கே விடாமல் அறைக்கு வந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை வேலைக்குப் போனேன்.