கடலில் இருந்த பிழை

எழுவைதீவுப் படகில் எஞ்சின் பார்த்தவர் அவர். காதிடுக்கில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர் இருக்கும். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். உவர்க் கிணறுகளோடு வளர்ந்த பழக்கம்.

ஒருநாள் காலை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போக நான் ஊர்காவற்றுறைத் துறையில் நின்றபோது, பிவிசி குழாயில் தானே செய்த நீர்மூழ்கியைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தார். கையில் ரிமோட். வீட்டு நல்ல தண்ணீர்த் தொட்டியில் அது சொல்வழி கேட்டு அரைமணி நேரம் மூழ்கிக் கிடந்ததாம். இங்கேயோ மூழ்கிய வேகத்திலேயே மேலே வந்தது. திரும்ப மூழ்கியது, திரும்ப வந்தது, நீர்க்காகம் மாதிரி.

“என்ன அண்ணை, அதுக்கு மூச்சு முட்டுதோ?”

“சிக்னல் அறுந்தா மேலை வாற மாதிரிச் செய்து வைச்சனான், மாஸ்டர். மேலை வந்தா சிக்னல் கிடைக்குது. கிடைச்ச உடனை கீழை போகுது.”

பற்றரியை மாற்றினார். அன்ரனாவை நீட்டினார். படகு புறப்படும் நேரமும் தாண்டிவிட்டது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ண அவரை விட்டால் ஆளில்லை. சனம் சத்தம் போட்டது. கடைசியில் குனிந்து கடலைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் தெளிந்தது.

“உப்புத் தண்ணிக்குள்ளாலை சிக்னல் போக ஏலாது. இதிலை ஒரு பிழையும் இல்லை, மாஸ்டர். கடலிலைதான் பிழை.”

பிறகு அவரை வேறு படகுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போதும் சில நாளில் படகின் ஓரமாய்ச் சாய்ந்து நானும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். பிழையை இன்னும் ஒருவரும் திருத்தவில்லை.