வலது கை இருக்கு

1. குரல் நடுங்கக் கூடாது

துறைமுகக் கண்ட்ரோல் ரூமில் ரேடியோ ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் நாள் என் சீனியர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கப்பல்காரன் பயப்படலாம், நீ பயப்படக் கூடாது. பயந்தாலும் வாய்ல தெரியக் கூடாது." நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பெண் நான். மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்பது எங்கள் வீட்டில் ஆகாத காரியம். ஆனாலும் பழகிக்கொண்டேன். ஓய்வு பெறும் வரை என் குரல் நடுங்கியதில்லை. நான் கடித்துக் குதறிய பேனா மூடிகளை மேஜை டிராயர் மறைத்துக்கொண்டது.

இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பிள்ளைகள், மன உறுதிக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறார்கள். போனில் மூச்சுப் பயிற்சிக்கு ஆப் வைத்திருக்கிறார்கள், நல்லதுதான். நான் கற்றுக்கொண்டது ஒரு தோணித் தண்டலிடம். தோணி என்றால் இங்கிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் மரக்கப்பல். தண்டல் அதன் கேப்டன்.

2. கொண்டல் அடித்த மத்தியானம்

அன்று கடலிலிருந்து கரையைப் பார்த்துக் கொண்டல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாலத்தீவிலிருந்து திரும்பி வந்த ஒரு தோணி, துறைமுக வாசலுக்கு வெளியே வைத்து ரேடியோவில் கூப்பிட்டது. பேசியவர் சூசையா தண்டல்.

"கண்ட்ரோல், எஞ்சின் நின்னுட்டு. நங்கூரம் பிடிக்க மாட்டக்கு."

காற்று தோணியை அலைதடுப்புச் சுவரின் கற்களைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. கல்லில் மோதினால் மரம் விறகாகிவிடும், உள்ளே இருக்கும் ஆட்களுக்கும் பிழைப்பில்லை. முறைப்படி கேட்டேன்.

"வேற என்ன போச்சு? சொல்லுங்க."

"போனது எஞ்சின். அத சொல்லிட்டேன். இனிம உள்ளத சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பாய் இருக்கு. சுக்கான் இருக்கு. கைப்பம்பு ஓடுது. ஆளு அம்புட்டு பேரும் இருக்கோம்."

எனக்கு எரிச்சல் வந்தது. வீடு தீப்பிடித்தவன் ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட்டு, வாசல் கதவு நன்றாக இருக்கிறது என்றா சொல்வான்?

"யாருக்கும் அடி கிடி பட்டிருக்கா அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் உசுரு இருக்கு. எனக்கு வலது கை இருக்கு."

தண்டலின் வலது கை என்றால் அவருக்கு நம்பிக்கையான அடுத்த ஆள் என்று எடுத்துக்கொண்டேன். அவரும் பத்திரமாக இருக்கிறார், நல்லது. மேற்கொண்டு நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்.

"இப்ப நீங்க உள்ளத சொல்லுங்க மேடம்."

சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் உள்ளதைச் சொல் என்றால் பொய் சொல்லாதே என்று அர்த்தம். 'இழுத்துட்டு வர டக் படகு இப்ப வந்துரும்' என்று ஆறுதலுக்குச் சொல்ல வாயெடுத்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டாரே என்று உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"டக் ரெண்டும் உள்ள ஒரு பெரிய கப்பலப் பிடிச்சிட்டு நிக்கி. பாதியில விட முடியாது. ஒடனே வராது அண்ணாச்சி."

"இல்லாதத விடுங்க. ஒங்க கையில என்ன உள்ளது? அதத்தான் கேக்கேன்."

அப்போதுதான் கேள்வியே விளங்கியது. ரேடார் திரையைப் பார்த்தேன். போகிற கப்பலும் இல்லை, வருகிற கப்பலும் இல்லை.

"வாசல் இருக்கு. காலியா இருக்கு."

"கொண்டல் இருக்கு, பாய் இருக்கு, வாசலும் இருக்கு. பெறவு என்ன? பாய் விரிச்சு உள்ள வாரேன்."

பின்னால் நின்ற அதிகாரி பதறினார். "பாயிலயா? இந்தக் காத்துலயா? கல்லுல சாத்திட்டான்னா யாரு பதில் சொல்லுதது?"

"இப்பவும் கல்லப் பாத்துத்தான் சார் போய்க்கிட்டிருக்கு" என்றேன்.

அவர் ஜன்னலில் ஒரு முறை பார்த்தார். "வரச் சொல்லு" என்றார்.

சொன்னேன். நங்கூரக் கயிற்றை வெட்டச் சொல்லித் தண்டல் போட்ட சத்தம் ரேடியோவிலேயே கேட்டது. ஒட்டுப்போட்ட பழைய பாய் மெல்ல மேலே ஏறியது. தோணி சாய்ந்தது. கற்களுக்குப் பக்கத்தில், நுரை தெறித்து மேலே விழுகிற தூரத்தில் வந்து, தலையைத் திருப்பி நேராக வாசலுக்குள் நுழைந்தது. வழிகாட்டத் துறைமுகப் பைலட் ஏறி, டக் பிடித்து, மெல்ல மெல்ல இரும்புக் கப்பல்கள் வருகிற வாசல் அது. அதில் காற்றை மட்டும் நம்பி ஒரு மரத்தோணி உள்ளே வந்தது. என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன். எத்தனையோ பெரிய கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு சிலிர்த்தது அன்றைக்குத்தான்.

3. கருப்பட்டி இருக்கு

அடுத்த ஷிப்ட் ஆள் வந்ததும் இருக்கையை ஒப்படைத்துவிட்டு தோணி கட்டும் ஜெட்டிக்கு ஓடினேன். தோணியை அப்போதுதான் கட்டி முடித்திருந்தார்கள். மெலிந்த ஒரு மனிதர் கரையில் உட்கார்ந்திருந்தார். இடது கையை முழங்கை வரை ஒரு லுங்கிச் சாரத்தால் சுற்றியிருந்தார்கள். சாரம் முழுக்க ரத்தம். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே எஞ்சின் பெல்ட்டில் கை சிக்கியிருக்கிறது. ஒரு கையால் சுக்கான் பிடித்துத்தான் உள்ளே வந்திருக்கிறார்.

"ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"சொன்னேம்லா, வலது கை இருக்குன்னு."

அழுதுவிட்டேன். ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகும் அங்கேயே நின்றேன். இப்படி ஒரு மனசு எப்படி வரும் என்று தோணியாட்களிடம் கேட்டேன். சமையல்காரர் சொன்னார்:

"எங்க தோணில சீனி தீந்துட்டுன்னு சொன்னா தண்டலுக்கு ஆகாது மேடம். ஒரு வாட்டி சொல்லலாம். அடுத்த வார்த்த கருப்பட்டி இருக்குன்னு வரணும். அதுவும் தீந்துட்டா சுடுதண்ணி இருக்குன்னு சொல்லணும். நாங்க கேலி பண்ணாத நாளு கிடையாது. இன்னைக்கு எஞ்சின் நின்னதும் எங்க வாய் தன்னால பாய் இருக்குன்னுட்டு."

நான் அசந்து நின்றது அதற்குத்தான். பெரிய ஆபத்துக்கு என்று அவர்கள் தனியாகத் தைரியம் சேர்த்து வைத்திருக்கவில்லை. தினம் தேநீருக்குச் சொல்லிப் பழகியதுதான் அன்றைக்கு வாயில் வந்தது. போனதை மறைப்பதும் இல்லை. ஒரு முறை சொல்லிவிட்டு, கையில் இருப்பதற்குப் போய்விடுகிறார்கள்.

மறுநாளே வீட்டில் ஆரம்பித்தேன். கரண்ட் போனால், விசிறி இருக்கு. என் வீட்டுக்காரர் விடுவாரா? "குழம்பு கருகிட்டுன்னா என்னளா சொல்லுவ?" என்றார். "ரசம் இருக்கு" என்றேன்.

சூசையா தண்டலுக்கு அந்தக் கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. காயம் ஆறியதும் மறுபடி தோணி ஏறினார். ரேடியோவில் என் குரல் கேட்டுவிட்டால், "கண்ட்ரோல், கட்டை விரல் இருக்கு" என்பார்.

4. காது டாக்டர்

போன வருஷம் என் இடது காதில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, அந்தக் காது போய்விட்டது, இனி திரும்பாது என்றார். காதை வைத்துப் பிழைத்தவள் நான். இடது காது போச்சு என்று எனக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டேன்.

"என்னம்மா, புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"வலது காது இருக்கு டாக்டர்."

பாவம், நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் குனிந்து, இன்னும் சத்தமாகச் சொன்னார்: "இல்லம்மா, இடது காது!"