பத்தரை மணிக்கே தெரிந்த பிழை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாங்கள் ஐந்து பேர். ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் டொக்டரைப் பார்க்க நம்பர் எடுக்கும் இணையத்தளம் எங்கள் பொறுப்பில் இருந்தது. நம்பர் கொடுக்கும் நிரலை எழுதியவர் என்னோடு வேலை செய்யும் பெண். குருநகரிலிருந்து வருபவர், ஒரு மகளுக்குத் தாய். அந்த நிரல்கள் ஓடும் சேவர்களின் கூட்டத்தை, கிளஸ்டரை, பார்ப்பது நான். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி, எது எந்த நிரலுக்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்பும் வாசல்காரன் ஒன்று அதில் உண்டு. இங்கிரஸ் கன்ட்ரோலர் என்போம். ஒருநாள் பின்னேரம் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு, சரிவர ஓடுகிறதா என்று பார்க்காமலே இணுவிலுக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் மருத்துவ நிலையத்திலிருந்து போன் வந்தது.

"தம்பி, ஒருத்தருக்கும் நம்பர் எடுக்கேலாமல் கிடக்கு. சனம் வந்து நிக்குது."

தளத்தைத் திறந்தேன். '404', அப்படியொரு பக்கம் இல்லை என்று மட்டும் காட்டியது. எல்லோருக்கும் கேட்கும்படி, நிரல் எழுதியவரிடம் சொன்னேன்: "உம்மடை நிரலிலைதான் ஏதோ பிழை. பாரும்."

அன்று அவர் அரைநாள் லீவு கேட்டிருந்தார். மகளின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. பதினொரு மணிக்குப் பிள்ளை ஓடுகிறாள். பையைத் தோளில் போட்டிருந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சொன்னார்:

"அண்ணை, உள்ளுக்கை இருந்து நேராக் கேட்டா ஓடுது. வெளியிலை இருந்து ஒரு கோரிக்கையும் என்ரை பக்கம் வரேல்லை."

"வடிவாப் பாரும்," என்றேன். அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

பத்தரைக்குத்தான் வாசல்காரனின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். புதிய பதிப்பை நிறுவும்போது அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன். கோரிக்கை எங்கே போகவேண்டும் என்று சொல்லும் விதியிலோ பழைய பெயரே கிடந்தது. அது தனக்குரிய விதியில்லை என்று வாசல்காரன் அதைத் தொடவேயில்லை. மாற்றவேண்டியது ஒரு சொல். மாற்றினேன், தளம் திறந்தது. மருத்துவ நிலையத்துக்குப் போன் எடுத்து "இப்ப சரி" என்றேன், வெளியே படியில் நின்று, குரலைத் தாழ்த்தி.

அப்போதே போய் அவரிடம் சொல்லியிருந்தால் ஓட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். பள்ளிக்கூடம் ஸ்கூட்டியில் பத்து நிமிடத் தூரம். நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்னால் அவர்மேல் பழி போட்டிருந்தேனே, அதை எப்படி மாற்றிக் கதைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மேசை தள்ளி அவர், இல்லாத பிழையை வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார். பதினொன்று அடித்தது. பதினொன்றரையும் ஆனது.

பன்னிரண்டுக்குப் பிறகு அவர் தானாகவே தளத்தைத் திறந்து பார்த்துவிட்டார்.

"அண்ணை, ஓடுதே?"

"ஓம். என்ரை பக்கம் ஒரு சின்னப் பிழை."

மாற்றங்களின் பதிவைத் திறந்தார். அதில் நேரமும் இருக்கும்.

"பிழை விட்டது பரவாயில்லை. நானும் விடுறனான். ஆனா உங்களுக்குப் பத்தரைக்கே தெரியும், என்ன?"

"ஓம்," என்றேன்.

கணவர் அனுப்பிய ஓட்டப் போட்டி வீடியோவைக் காதில் வயர் போடாமல், சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். பிள்ளை எத்தனையாவதாக வந்தாள் என்று நான் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், பிழை முழுதும் என்னுடையது, தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று சொன்னேன். முதலாளி தலையாட்டிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். நிரல் எழுதியவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்றும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் ஏதாவது பழுதானால் என் மேசைக்கு வருவதில்லை. தான் பார்த்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி, எல்லோருக்கும் சேர்த்து அனுப்புகிறார்.