அக்காவின் கணகணப்பு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகும் ஆட்டைத் திவசத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கை எழுதுவது.

சுன்னாகத்துக்கு அருகே தோட்டக்காரக் குடும்பமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அம்மா கண்மூடியபோது நான் தவழும் குழந்தை. அக்கா படிப்பை விட்டுவிட்டு என்னை வளர்த்தார். ஐயாவின் மறைவுக்குப் பிறகு தோட்டத்தையும் அவரே பார்த்தார். வெங்காயம் விற்கச் சந்தைக்குப் போனால் வியாபாரிகள் அவருடைய வாய்க்குப் பயப்படுவார்கள். வீட்டில் அதே வாய் குழைந்து கதைக்கும்.

"கணகணப்பு" அவருக்குப் பிடித்த சொல். வெயிலில் காய்ந்த சேலையை என்மேல் போர்த்தி, "கணகணப்பாய் இருக்கோ?" என்பார். மழை நாளில் அடுப்படிக்குக் கூப்பிடுவதும், "இஞ்சை வா, கணகணப்பாய்க் கிடக்கு" என்றுதான்.

எண்பத்தேழு ஐப்பசியில் சண்டை மூண்டு குண்டுகள் விழ, செல்லடிக்குப் பயந்து கோயில் மடமொன்றில் ஒதுங்கினோம். என் மகள் கைக்குழந்தை. கணவர் கொழும்பில் அகப்பட்டிருந்தார். மடத்துக்குள் தூவானம் அடித்தது. அக்கா காற்று வரும் பக்கமாக இருந்துகொண்டு, பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். வீரிட்டழுத பிள்ளை உடனே உறங்கிவிட்டாள். அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

"அக்கா, உங்கடை மேல் நல்ல கணகணப்பாய் இருக்கு."

"ஓம், பிள்ளைக்கு நல்லதுதானே. நீ கொஞ்சம் படு."

நான் படுத்தேன். அடுத்து வந்த நாட்களிலும் பிள்ளை குளிரில் சிணுங்கியபோதெல்லாம் அக்காவிடமே கொடுத்தேன். காய்ச்சல் தொடங்கும் உடம்பையும் கணகணக்குது என்றுதானே சொல்கிறோம்? அந்தச் சொல்லை என் வாயாலேயே சொன்னேன். அதன் மற்றப் பொருள் எனக்குத் தோன்றவில்லை. அக்கா இருமினார். "அடுப்புப் புகை" என்றார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில் அவருக்கு மூச்சு வாங்கியது. மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"நியூமோனியா முத்திப் போச்சு. ஏன் பிள்ளை, முதலே கொண்டுவரேல்லை?" என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

அக்காதான், "அவளிலை பிழையில்லை, டொக்டர். நான் சொல்லேல்லை" என்றார். அன்று மாலை எங்களைப் பிரிந்தார்.

பயத்தைப் பாராமல் வண்டி கட்டிய அயலவருக்கும், மருந்து தேடி ஓடிய தாதிக்கும், மடத்தில் கஞ்சி காய்ச்சித் தந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. "அவவின்ரை விதி, நீ என்ன செய்வாய்?" என்று என்னைத் தேற்றினீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள், கைகூப்புகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த ஆறுதலை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.