அம்பத்தஞ்சாயிரம் ரூபா டிரைவர்

மருதமுத்துவோட சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா ரெண்டு பதில் கிடைக்கும். கல்கத்தாவை ஒட்டின சாந்த்ராகாச்சி லாரி ஸ்டாண்டு டீக்கடையில கேட்டா மாசம் அம்பத்தஞ்சாயிரம். வீட்டுல கேட்டா, இந்த ட்ரிப்புல ஒண்ணும் நிக்கலை. ரெண்டும் அவன் வாயால வந்ததுதான். ரெண்டும் பொய். அதுக்காக அவனை மட்டும் பிடிச்சுத் திட்டறதுல அர்த்தமில்லை. ஊரு விட்டு ஊரு லோடு ஓட்டற லைன் டிரைவர் அத்தனை பேரும் இப்படித்தான் பேசறானுங்க. மாசம் பொறந்தா இவ்வளவுன்னு எவனாவது கையில குடுத்திருந்தா அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?

ஓனர் குடுக்கறது ட்ரிப்புக் காசு. கல்கத்தாவுல லோடு ஏத்தி மெட்ராஸ்ல இறக்கி, அங்க வேற லோடு பிடிச்சுத் திரும்பி வந்தா பதினெட்டாயிரம். டீசல் மிச்சம் பிடிச்சா அது டிரைவருக்கு. சோறு, குளியல், பீடியெல்லாம் அவன் கைக்காசு. போக அஞ்சு நாள், வர அஞ்சு நாள். பத்து நாளைக்கு ஒரு ட்ரிப்புன்னா மாசம் மூணு ட்ரிப்பு, அம்பத்தி நாலு. அதுக்கு மேல ஒரு ஆயிரத்தைக் கௌரவத்துக்குப் போட்டுக்கறது. டீக்கடைக் கணக்கு இதுதான். மெட்ராஸ் மாதவரத்துல ரிட்டன் லோடு கிடைக்காம வண்டிக்கு அடியில பாயைப் போட்டுப் படுத்துக் கிடக்கற எட்டு நாளு, ஒம்பது நாளு இந்தக் கணக்குல வராது. சக்கரம் சுத்தாத நாளை டிரைவர் நாளாவே எண்ண மாட்டான். ஓனரும் எண்ண மாட்டான். இந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒத்துமை.

மருதமுத்துவுக்கு அம்பது வயசு. ஊரு சங்ககிரிப் பக்கம். லோடோட கல்கத்தா வந்தவன், இங்கேயே ஒரு ஓனர்கிட்ட வண்டி கிடைச்சதும் சம்சாரம் விஜயாவையும் கூட்டிட்டு வந்துட்டான். அது ஆச்சு இருபத்திரெண்டு வருஷம். ஒரே மகளை ஈரோட்டுல கட்டிக் குடுத்தாச்சு. விஜயா தோசை மாவு அரைச்சுப் பாக்கெட் போட்டு கரியாஹாட் கடைகளுக்கு அனுப்பறா. பெங்காலி அவளுக்குத் தண்ணி மாதிரி வரும். அவனுக்கு இன்னமும் வழி கேக்கற அளவுக்குத்தான்.

போன மார்ச்சுல விஜயாவுக்குப் பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன். அப்ப இவன் மாதவரத்துல ஒம்பதாவது நாளாக் காத்துக் கிடந்தான். வண்டியை விட்டுட்டு ஓடி வரவா போறான்னு அவ சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் போன்ல சொன்னா. இவன் வந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தையெல்லாம் புரட்டினான். சம்மதக் கையெழுத்துப் போட்டது பக்கத்து வீட்டு ஸ்மிதா பௌதி, பௌதின்னா பெங்காலியில அண்ணி. நோயாளிக்கு என்ன உறவுங்கற இடத்துல, பக்கத்து வீடுன்னு எழுதியிருந்தா. மருதமுத்து அதை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் மடிச்சு வச்சான். மறுநாள் அப்துல் ரஹீமுக்கு போன் போட்டு, உங்க குடோன்ல ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டான்.

ரஹீம் ராமநாதபுரத்துக்காரன். இவனோட லைன்ல ஓடினவன், ரெண்டு வருஷம் முன்னாடி கல்கத்தாவுக்குப் பக்கத்துல டான்குனியில ஒரு குடோனுக்கு லோக்கல் வண்டி ஓட்டப் போயிட்டான். மாசம் இருபத்தோராயிரம், பி.எஃப். உண்டு, ராத்திரி வீட்டுச் சோறு. அன்னையில இருந்து டீக்கடையில அவன் பேரு ஆஃபீசர். வந்தான்னா, ஆஃபீசர் டிபன் பாக்ஸ் கழுவிட்டாரா, ஆஃபீசருக்கு லீவு சாங்ஷன் ஆச்சான்னு ஓட்டி எடுப்பானுங்க. அந்தப் பேரை வச்சதே மருதமுத்துதான்.

அவனே இப்ப அந்த குடோன் வாசல்ல போயி நின்னான். பின்னாடி இன்னும் எட்டு லைன் டிரைவருங்க. மேனேஜர் சின்ன வயசுப் பெங்காலிப் பையன். லைசென்ஸைப் பார்த்தான், கண்ணு டெஸ்ட் காகிதத்தைப் பார்த்தான், திருப்தியாத் தலையாட்டினான். கடைசியா ஹிந்தியில, இப்ப மாசம் எவ்வளவு வருதுன்னு கேட்டான். பின்னாடி எட்டு ஜோடிக் காது. மருதமுத்து யோசிக்கவே இல்லை. பல வருஷம் பழகின வாயி, அதுவாத் திறந்து பச்பன் ஹஜார்னு சொல்லிருச்சு. அம்பத்தஞ்சு வாங்கறவன் இருபத்தொண்ணுக்கு ரெண்டு மாசம் தாங்க மாட்டான்னு மேனேஜர் ஃபைலை மூடிட்டான்.

சாயங்காலம் ரஹீம், மருதமுத்துவைத் தேடி அவன் வீட்டுக்கே வந்துட்டான். விஜயா மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுட்டு இருந்தா.

"அக்கா, அம்பத்தஞ்சாயிரம் வாங்கற பெரிய மனுசனுக்குப் போயி சிபாரிசு பண்ணிட்டேன். என் மானம் போச்சு."

சொல்லிட்டு அவனே சிரிச்சான். விஜயா சிரிக்கலை. ரப்பர் பேண்டு ஒண்ணொண்ணாப் போட்டுட்டே இருந்தா. ரஹீமுக்கு ஏதோ புரிஞ்சு, பாதி டீயை வச்சுட்டுக் கிளம்பிட்டான்.

அவன் செருப்புச் சத்தம் போனதும் அவ கேட்டா.

"ஏனுங்க, மெட்ராஸ்ல யாருங்க?"

மருதமுத்துவுக்கு முதல்ல விளங்கலை. விளங்கினதும் காது சுட்டுச்சு. அவ சத்தம் போடலை. என் கைக்கு ஒரு மாசம் பதினஞ்சு வருது, ஒரு மாசம் இருபத்தி ரெண்டு வருது, மிச்சம் முப்பத்தஞ்சு எங்க போகுதுன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் கேக்கலைன்னா. அந்த ஒண்ணும் கேக்கலைங்கறதுதான் அவனைக் குத்துச்சு.

இருக்கற காசைக் காட்டிரலாம். இல்லாத காசை எப்படிக் காட்டறது? கிரைண்டர்ல சாஞ்சு தரையில உக்காந்தான். மாவுப் பாக்கெட் அட்டை ஒண்ணைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பிச்சான். போன வருஷம் ஓடினது பதினஞ்சு ட்ரிப்பு, ரெண்டு லட்சத்து எழுபதாயிரம். டீசல் மிச்சம் முப்பதாயிரம். ஆக மூணு லட்சம். வெளியில இருந்தது எரநூத்தி எம்பத்தஞ்சு நாளு. அதை எழுதிட்டுப் பேனாவை நிறுத்திட்டான். இந்த நம்பரை அவன் இதுவரைக்கும் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு எரநூத்தம்பது செலவுன்னு கழிச்சா, மாசத்துக்கு நின்னது பத்தொம்பதாயிரத்து அறுபத்திரெண்டு ரூபா. அவ கைக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

விஜயா அட்டையை வாங்கிப் பார்த்தா. கூட்டலைச் சரி பார்ப்பான்னு நினைச்சான். அவ வேறதைக் கேட்டா.

"எரநூத்தம்பதுல மூணு வேளை சாப்பிட முடியுங்களா?"

"ஓடற நாள்ல சாப்பிடுவேன். காத்துக் கிடக்கறப்ப மத்தியானம் ஒரு சோறு. ராத்திரி டீயும் பன்னும்."

"போன்ல பிரியாணின்னு சொன்னீங்க."

"பக்கத்து வண்டிக்காரன் ஆக்கினான். வாசனை வந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டே முந்தானையில மூக்கைத் துடைச்சா. அதுக்கப்புறம் மெட்ராஸைப் பத்தி அவ கேக்கவே இல்லை. தட்டுல சோறு போட்டா, அவன் போதும்னு கை காட்டினப்புறமும் இன்னொரு கரண்டி போட்டா.

"நாளைக்குப் போயி இந்தப் பத்தொம்பதைச் சொல்லுங்க."

"அத்தனை பேரு முன்னாடியா?"

"அம்பத்தஞ்சையும் அத்தனை பேரு முன்னாடிதானுங்களே சொன்னீங்க."

போனான். மறுநாளும் வாசல்ல டிரைவருங்க கூட்டம். நேத்து பார்த்த மூஞ்சிங்களும் ரெண்டு மூணு. மேனேஜர் இவனைப் பார்த்ததும் சலிச்சுக்கிட்டான். நேத்து அம்பத்தஞ்சு, இன்னைக்குப் பத்தொம்பதா, எதை நான் நம்பறதுன்னு கேட்டான். மருதமுத்து குரலைத் தணிச்சுத்தான் ஆரம்பிச்சான். லோடுக்குக் காத்துக் கிடக்கற நாளையும் சேர்த்தா பத்தொம்பதுதான் வருது சார்னான். மேனேஜருக்குப் புரியலை, உரக்கச் சொல்லுன்னான். சொன்னான். வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

எவனும் சிரிக்கலை. முதல் நாள் அறுபதாயிரம்னு சொன்ன ஒரு பீகார்க்காரப் பெரியவர், பின்னாடி இருந்து, வண்டி நின்ன நாளையெல்லாம் எப்படி எண்ணினேன்னு மெதுவாக் கேட்டார். பதினஞ்சு ட்ரிப்பு, எரநூத்தி எம்பத்தஞ்சு நாளுன்னு இவன் சொன்னான். அவர் விரலை மடக்க ஆரம்பிச்சார். பக்கத்துல நின்னவன் போனை எடுத்து அதுல தட்டினான். கொஞ்ச நேரத்துல அந்த வரிசையே வண்டி நின்ன நாளை எண்ணிட்டு இருந்துச்சு. முப்பது வருஷமா டிரைவர் சங்கத்து நோட்டீஸு எத்தனையோ ஒட்டியும் நடக்காத காரியம் அது.

மேனேஜர் பேனாவைத் தட்டிக்கிட்டே இருந்தான். கடைசியில, ஒண்ணாந்தேதி வா, மூணு மாசம் பார்ப்போம், அப்புறம் பெர்மனன்டுன்னான்.

ஒண்ணாந்தேதி, வேலையில இருந்தே மருதமுத்து விஜயாவுக்கு போன் பண்ணினான். என்ன சொல்றதுன்னு தெரியாம, வண்டி புதுசு, பிரேக்கு நல்லாப் பிடிக்குதுன்னான். அவ சரின்னா. அப்புறம் கேட்டா.

"எத்தனை மணிக்கு வருவீங்க?"

இருபத்திரெண்டு வருஷத்துல எந்தத் தேதின்னுதான் அவ கேட்டிருக்கா. மருதமுத்து போனைக் காதுல வச்சுக்கிட்டே ரஹீமைத் திரும்பிப் பார்த்து, எத்தனை மணிக்கு விடுவாங்கன்னு கேட்டான்.

"ஏழு மணி, ஆஃபீசர்" அப்படின்னான் ரஹீம்.

"எட்டு மணிக்கு வந்துருவேன்" அப்படின்னு இவன் போன்ல சொன்னான். சொல்லிட்டு, அது பொய் இல்லைன்னு தெரிஞ்சும், இன்னொரு தடவை சொன்னான்.