ஆபரேஷன் ஆன பிறகு ஆணுறை எதற்கு

கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் இருக்கும் தமிழ்ப் பெண்களிடம் ஹெச்.ஐ.வி. தடுப்பு பற்றிப் பேச, நான் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் என்னை அனுப்பினார்கள். தமிழ் பேசுவேன் என்பதுதான் என் தகுதி. கொல்கத்தா லேக் கார்டன்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஆசையாகப் போய், எரிச்சலோடு திரும்புவேன். ஆணுறை போடும்படி கணவரிடம் பேசுங்கள் என்று சொல்லித்தர வேண்டும். அந்தக் கணவர்களை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. கேட்டால், "அவங்களுக்கு டியூட்டி இருக்கும்" என்பார்கள். பெண்கள் என்னவோ சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். அவள் கணவன் அசாமில் ஒப்பந்த வேலையில் இருந்தான். போன முறை வந்தபோது அவன் உறுப்பில் புண் இருந்ததாம். ஊசி போட்டு ஆறிவிட்டது. எப்படி வந்தது என்று இவளால் கேட்க முடியவில்லை. துர்கா பூஜைக்கு மறுபடியும் வரப்போகிறான்.

"உறை போடுங்கன்னு எப்படிக்கா சொல்றது? எனக்குத்தான் ரெண்டாவது பொறந்ததுமே ஆபரேஷன் ஆயிடுச்சே."

ஆண்கள் செய்துகொண்டால் தெம்பு போய்விடுமாம், அதனால் கத்திக்குப் படுப்பதும் பெண்தான். இப்போது பிள்ளை வேண்டாம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. உறை என்று வாயைத் திறந்தால், அவனைச் சந்தேகப்படுகிறாள், இல்லாவிட்டால் இவள் மேலேயே ஏதோ தப்பு என்றுதான் ஆகும். எங்கள் பாடத்தில் இதற்குப் பதிலே கிடையாது.

"முதல்ல நீ டெஸ்ட் எடுத்துக்கோ. அவர் வந்ததும் அவரையும் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் உறை இல்லாம வேண்டாம்" என்றேன். சொல்வது சுலபம்.

அவள் பரிசோதனைக்கு வந்தாள். நானும் கூடப் போனேன். தொற்று இல்லை என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பூஜை முடிந்து அவன் கிளம்பியதும் போன் செய்தாள்.

"டெஸ்டுக்குக் கூப்பிட்டேன்க்கா. உனக்கு இல்லேன்னா எனக்கும் இல்லேன்னுதானே அர்த்தம்னு சொல்லிட்டாரு. உறையும் வேண்டாம்னுட்டாரு."

ரத்தம் கொடுத்தவள் இவள், நல்ல பேர் வாங்கிக்கொண்டவன் அவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் "ஐயோ" என்றுவிட்டேன். நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து அவளே என்னைத் தேற்றினாள்.

"நீங்க கவலைப்படாதீங்கக்கா. இனிமே அவரு வந்துட்டுப் போற ஒவ்வொரு தடவையும் நான் போய் டெஸ்ட் எடுத்துக்கறேன். அப்படிப் பாத்துக்கிட்டா வராது இல்ல?"