கவிழ்த்த கூடை

மகள் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்தக் கவுச்சி வாடை என்னை எண்பதுகளின் ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலுக்கு இழுத்துப் போனது.

பழவேற்காட்டு மீன்காரி செல்லம்மா, முகத்துவாரத்தில் மூழ்கியவர்கள் மழைக்காலத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கதை சொல்லிக்கொண்டே மீன் நறுக்குவாள். கடலையே பார்த்திராத அப்பா ஒருநாள், தண்ணீர் வடியட்டும் என்று அவள் கழுவிவைத்த காலிக் கூடையைக் கவிழ்த்தார். அவள் பாய்ந்து அவர் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். நெற்றி பிளந்தது.

"எம்புள்ள கடல்ல கீறான்யா! கூடைய கவுத்தா படகு கவுந்துடும்னு தெரியாதா?"

அப்பா அவள் வாயில் குத்தினார். கூடையையும் எட்டி உதைத்தார். அது உருண்டுபோய் மறுபடியும் கவிழ்ந்தது. செல்லம்மா ரத்தம் ஒழுகத் தவழ்ந்துபோய் அதை நிமிர்த்தினாள்.

மறுவாரம் மீன் கொண்டுவந்தது வேறொருத்தி. செல்லம்மா எங்கே என்று அப்பா கேட்கவேயில்லை.

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் யாருமில்லை. ஆனாலும் எழுந்துபோய்க் கூடையை நிமிர்த்தி வைத்தேன்.